பச்சைச் சட்டைக்கு உரியவர் யார்?

நாட்டின் பெயரைத் தாங்கி ஆடும் அணியில் இடம்பெறும் தகுதி ஒருவருக்கு எதனால் வருகிறது? பிறப்பினாலா, குருதியினாலா, வாழ்வினாலா? விளையாட்டுச் செய்தியோடு முடிந்துவிடும் வினாவாக இது சிலருக்குத் தோன்றலாம். ஆனால் 2017-ஆம் ஆண்டின் இறுதியில் அயர்லாந்து நாட்டு ரக்பி ரசிகர்களை இரு கூறாகப் பிரித்த ஒரு வழக்கைச் சற்று ஊன்றி நோக்குவோமானால், 'நம்மவர்' என்னும் சொல்லுக்கு மனிதர் கொள்ளும் பொருளே அங்கு விசாரணைக்கு வந்தது என்பது விளங்கும்.

பண்டி ஆக்கி 1990-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், சமோவாத் தீவு வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். 2014-இல் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கொனாக்ட் மாகாண அணிக்கு ஒப்பந்தத்தின்பேரில் வந்து சேர்ந்தார். நான்கு மாகாண அணிகளுள் எளியதாகக் கருதப்பட்ட அந்த அணி, 2016-இல் அவர் துணையோடு லீக் கோப்பையை வென்றது. பிறப்பால், பெற்றோரால், பாட்டன் பாட்டியால், அல்லது தொடர்ந்து மூன்றாண்டுகள் வாழ்ந்ததால் ஒருவர் ஒரு நாட்டுக்காக ஆடலாம் என்பது அன்றைய உலக ரக்பி விதி. மூன்றாண்டு நிறைந்ததும், 2017 நவம்பர் 11 அன்று டப்ளினில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அயர்லாந்தின் பச்சைச் சட்டை அணிந்து ஆக்கி களமிறங்கினார். அயர்லாந்து 38–3 என்று வென்றது. வெற்றி வந்தும் வாதம் ஓயவில்லை.

எதிர்த்தோர் சொன்னதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. நாட்டின் அணி என்பது சம்பளத்துக்கு ஆள் சேர்க்கும் கழகம் அன்று. சிறு வயது முதல் அந்தச் சட்டையைக் கனவு கண்டு வளர்ந்த உள்ளூர் இளைஞனின் இடத்தை, ஒப்பந்தக் காலத்தை எண்ணிக்கொண்டிருந்தவருக்குக் கொடுப்பது முறையா என்று கேட்டனர். மூன்றாண்டு என்பது ஒருவர் ஒரு மண்ணை நேசிக்கத் தொடங்கும் காலமேயன்றி அம்மண்ணுக்கு உரியவராகும் காலம் அன்று என்றனர். இதில் நியாயம் உண்டு. உலக ரக்பி அமைப்பே 2017 மே மாதத்தில் அக்காலத்தை ஐந்தாண்டாக உயர்த்த முடிவு செய்திருந்தது.

எனினும் அவ்வாதம் எந்த அளவுகோலைக் கையில் கொண்டது என்று கேட்டால் சிக்கல் தோன்றுகிறது. கடவுச்சீட்டு எனலாமா? அயர்லாந்து ரக்பி அணி ஓர் அரசின் அணியே அன்று. 1921-இல் தீவு இரண்டாகப் பிரிந்த பின்னும், வடக்கும் தெற்கும் ஒரே அணியாகவே ஆடி வருகின்றன. பிரித்தானியக் குடியுரிமை பெற்ற பெல்பாஸ்ட் இளைஞனும் அதில் ஆடுகிறான். இரு தரப்பினரும் மனமொத்துப் பாட ஒரு பொதுப் பாடலையே 1995-இல் புதிதாக இயற்ற வேண்டியிருந்தது. பிறந்த மண் எனலாமா? 1990-இல் உலகக் கோப்பைக் கால்பந்தில் கால் இறுதி வரை சென்ற அயர்லாந்து அணியின் ஆல்ட்ரிட்ஜ் லிவர்பூலிலும், மெக்கார்த்தி பார்ன்ஸ்லியிலும் பிறந்தவர்கள். அவர்களை அந்நியர் என எண்ணாமல் ஊரே கொண்டாடியது. ஆக்கியைத் தேர்ந்தெடுத்த பயிற்றுநர் ஜோ ஷ்மிட்டும் நியூசிலாந்தில் பிறந்தவரே என்பதை இடையில் நினைவுகூரலாம்.

எஞ்சுவது குருதி. குடியேறிச் சென்றவரின் பேரன் திரும்பி வந்தால் அவன் நம் பிள்ளை. நம் தெருவிலேயே வாழ்ந்து உழைப்பவன் விருந்தாளி. மனித இயல்புக்கு இது மிக நெருங்கிய உணர்வு, பழைய உணர்வும்கூட. இரண்டு மூன்று தலைமுறை முன்னோர் குடிமக்களாக இருந்தாலன்றி ஒருவனைக் குடிமகன் எனக் கொள்ளாத நகரங்களைப் பற்றி அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் பேசுகிறார். பேசிவிட்டு ஒரு சங்கடத்தையும் அவரே காட்டுகிறார்: அப்படியானால் அந்த முதல் முன்னோன் எப்படிக் குடிமகனானான்? நகரை முதலில் நிறுவியவருக்கு அந்நகரில் பாட்டன் ஏது? புனித தாமஸ் அக்குவினாஸ் இப்பகுதியை மேற்கோளாகக் கொண்டு, வந்தவுடன் அந்நியரைப் பொதுக் காரியங்களில் சேர்த்தால், பொதுநலத்தில் இன்னும் வேரூன்றாத அவர்களால் கேடு நேரலாம் என்று எச்சரிக்கிறார். அவர் அஞ்சியது அந்நியனின் பிறப்பையன்று, பற்றின்மையை என்பதே நம் வாசிப்பு. காலம் கேட்பதும் பற்று வளர்வதற்காகவே. ஆகவே ஐந்தாண்டு விதி மூன்றாண்டு விதியைவிட நன்று என்றும், காலமே போதாது, குருதியும் வேண்டும் என்பது நியாயமன்று என்றும் கொள்கிறோம்.

இடமிழந்த உள்ளூர் இளைஞனுக்கு இழைக்கப்பட்டது அநீதியா? அவனுக்கு நேர்ந்தது ஏமாற்றம். அணியில் எவருக்கும் பிறப்புரிமையாக ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. ஆனால் ஒரு சங்கம் தன் மண்ணின் சிறுவர்களை வளர்க்கும் பொறுப்பைக் கைவிட்டு, வெளிச்சந்தையில் ஆயத்த ஆட்டக்காரரைத் தேடினால், அதை அநீதி எனலாம்; அக்குற்றம் சங்கத்தைச் சாரும், வந்தவரை அன்று. ரசிகரின் சினம் பெரும்பாலும் முகவரி தவறியே செல்கிறது.

இவ்வாதத்தில் பெரிதும் பேசப்படாதோர் பசிபிக் தீவினர். சமோவா, தொங்கா போன்ற சிறு நாடுகளின் பிள்ளைகள் செல்வம் மிக்க நாடுகளின் சட்டைகளை அணிகின்றனர். ஒரு முறை அணிந்தால் பெரும்பாலும் திரும்ப வழியில்லை என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. மூன்றாண்டுகள் பன்னாட்டு ஆட்டத்தில் ஆடாதிருந்தால், பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், பாட்டன் பாட்டி நாட்டுக்கோ மாறலாம் என்று 2021 நவம்பரில் விதி திருத்தப்பட்டது. அதன் பயனாக, முன்பு நியூசிலாந்துக்கு ஆடிய பியுட்டாவும் பெகிட்டோவாவும் 2023 உலகக் கோப்பையில் தொங்காவுக்கு ஆடினர். குடியேறியவனை ஏற்பதா என்று பெரிய நாட்டார் வாதிட்டபோது, இழந்த நாட்டின் குரல் அங்கு கேட்கவேயில்லை. நமக்கு இதுவே இவ்வழக்கின் கனமான பகுதி.

ஆக்கியோ அயர்லாந்திலேயே நிலைத்தார். 2018-இல் ஆறு நாடுகள் போட்டியில் ஐந்து ஆட்டங்களையும் வென்ற அணியில் இருந்தார். 2023 அக்டோபர் 14 அன்று பாரீஸ் நகரில், தாம் பிறந்த நாட்டுக்கு எதிரான உலகக் கோப்பைக் கால் இறுதியில் அயர்லாந்துக்காக ஒரு 'ட்ரை' எடுத்தார். 24–28 என்று அணி தோற்றது. அவ்வாண்டு உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு முன்மொழியப்பட்ட நால்வருள் அவரும் ஒருவர். அரங்கில் அவர் பெயரை முழங்கியவர்களுள் 2017-இல் மறுத்தவர்களும் இருந்திருக்கக்கூடும். அவர்கள் மனம் மாறியது அவர் வாழ்ந்த ஆண்டுகளாலா, அவர் ஆடிய ஆட்டத்தாலா? ஆட்டத்தால்தான் என்றால், சுமாராக ஆடும் அடுத்த வரவுக்கு அதே கதவு மீண்டும் மூடியே இருக்கும்.