அடிபட்டவருக்கே உரியது

1924 ஜூன் 26. இரவு பதினொன்றரை மணிவாக்கில் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குத் திருடர்கள் வந்தார்கள். ஆசிரமம் என்றதும் இன்றிருக்கும் கட்டடங்களை நினைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு முன் காலமான தாயார் அழகம்மாளின் சமாதியும், அதை ஒட்டிச் சில கொட்டகைகளும்தான் அன்றைக்கு. சன்னலை உடைத்தவர்களிடம், உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை, இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றார் ரமணர். விளக்கு கேட்டார்கள், அரிக்கேன் விளக்கைக் கொடுக்கச் சொன்னார். அப்படியும், வெளியே வந்தவர்களை வாசலில் நின்று தடியால் அடித்தார்கள். ரமணருக்கு இடது தொடையில் விழுந்தது. கடைசியில் அவர்களுக்கு அகப்பட்டவை: சுவாமிக்குச் சாத்தும் சில வெள்ளித் தகடுகள், கொஞ்சம் அரிசி, சில மாம்பழங்கள். எல்லாம் சேர்ந்து பத்து ரூபாய் பெறும்.

தொடையில் தடித்துக் கிடந்த அடியைப் பார்த்த சீடர் ராமகிருஷ்ண சுவாமி அங்கிருந்த இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தார். ரமணர் தடுத்துவிட்டார். நாம் சாதுக்கள், நம் தர்மத்தை விடக் கூடாது, அடித்து எவனாவது செத்தால் பழி நம்மைத்தான் சேரும் என்றார். பல் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லையா தட்டி எடுக்கிறோம் என்றும் கேட்டார்.

சொற்பொழிவுகளில் கதை இதோடு முடிந்துவிடும். அறத்தைப் பற்றி யோசிப்பவருக்கோ இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். சீடர் ஒருவர் ஊருக்குள் போய்ப் போலீசாரை அழைத்து வந்தார். அவர்கள் கேட்டபோது, யாரோ அறியாதவர்கள் வந்தார்கள், ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்து போனார்கள் என்ற அளவில் ரமணர் முடித்துக்கொண்டார். தாம் அடி வாங்கியதைச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு கிளம்பியவர்களின் பின்னாலேயே முனிசாமி என்பவர் ஓடிப்போய், சுவாமியையும் மற்றவர்களையும் அடித்துவிட்டார்கள் என்று சொன்னார். காலையில் மேலதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். சில நாளில் பொருள்களில் கொஞ்சம் மீட்கப்பட்டது. திருடர்கள் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள்.

ஆக, ஒரே இடத்தில் மன்னிப்பும் நடந்தது, புகாரும் நடந்தது. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை. தம்மேல் விழுந்த அடியை ரமணர் விட்டுவிட்டார். சீடர்களிடம் அவர் கேட்டது திருப்பி அடிக்காதே என்பதைத்தான். மன்னிப்பைப் பற்றிய குழப்பத்தில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதால் வருகிறது. கையை நிறுத்து என்று எவரிடமும் கேட்கலாம், சட்டமே கேட்கிறது. மனத்தை விடு என்று கேட்கும் அதிகாரம் எவருக்கும் கிடையாது.

மூளையைப் படிப்பவர்களின் ஆய்வுகளை இந்த வேறுபாட்டோடு வாசித்தால் நன்றாகப் புரியும். 2004-இல் சூரிச்சில் நடந்த ஒரு சோதனையில், பண விளையாட்டில் ஏமாற்றப்பட்டவர்களுக்கு ஏமாற்றியவரைத் தண்டிக்க வாய்ப்புத் தரப்பட்டது. கைக்காசு செலவானாலும் பலர் தண்டித்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மூளையில் விழித்துக்கொண்டது, பரிசு கிடைக்கப்போகும்போது வேலை செய்யும் ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதி. இரண்டு ஆண்டு கழித்து டானியா சிங்கர் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: நேர்மையாக ஆடியவருக்கு வலி கொடுத்தபோது பார்த்திருந்தவர்களின் மூளையிலும் வலியின் சாயல் தெரிந்தது. வஞ்சித்தவருக்கு வலித்தபோது, குறிப்பாக ஆண்களிடம், அந்த இரக்கம் குறைந்து பரிசின் பகுதி கிளர்ந்தது. பழிவாங்கும் ஆசை ஏதோ அற்ப மனிதர்களின் குணம் என்று பேசுவோர் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். அது சாதாரண மனிதர்களின் மண்டைக்குள்ளும் இருக்கிறது. 'உனக்கு மனசு ரொம்பச் சின்னது' என்று அடிபட்டவரையே குற்றவாளியாக்குவதற்கு அறிவியலில் ஆதரவில்லை.

அதே சமயம், வன்மத்தை வளர்ப்பதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. 2001-இல் சார்லட் விட்வ்லியெட் குழு வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குத் தீங்கு செய்தவரை மாணவர்கள் மனத்தில் கொண்டுவந்தார்கள். காயத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப்பார்த்தபோது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. அதே ஆளைப் பரிவோடு நினைத்துப்பார்த்தபோது அந்த அளவுக்கு ஏறவில்லை. தீங்கு செய்தவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை என்பதுதான் கொடுமை.

தியானம் உள்ளே நுழையும் இடம் இது. உணர்ச்சிக்குப் பெயர் வைத்தாலே, பயம் போன்றவற்றில் விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் பரபரப்பு தணிகிறது என்று 2007-இல் மாத்யூ லீபர்மன் குழு கண்டது. ரமணர் சொன்ன விசாரம் அதைவிட ஒரு படி அப்பால் போகிறது. 'இது கோபம்' என்பதோடு நிற்காமல், இந்தக் கோபம் யாருக்கு வந்தது என்று கேட்கச் சொல்கிறது. 'என்னை அப்படிப் பேசிவிட்டானே' என்ற வாக்கியத்தில் பேசினவனை விட்டுவிட்டு 'என்னை' என்பதைப் பிடித்துக்கொள்ளும் முறை அது. நீண்டகாலம் தியானம் செய்தவர்களிடம், தன்னைப் பற்றிய நினைப்போட்டத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் தியானத்தின்போது அடங்கியிருப்பதை 2011-இல் ஜட்சன் புரூவர் குழு பதிவு செய்தது. இரண்டும் ஒன்றே என்று முடிச்சுப் போட வேண்டாம். ரமணர் தேடியது ரத்த அழுத்தம் குறைவதையல்ல. தியானத்தால் மூளையின் வடிவமே மாறிவிடுகிறது என்று முன்பு பரவிய நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. எட்டு வாரப் பயிற்சியால் அப்படியொரு மாற்றம் தெரியவில்லை என்று 2022-இல் ரிச்சர்ட் டேவிட்சனின் ஆய்வகமே எழுதியது. பௌர்ணமி இரவில் வெறுங்காலோடு பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வருபவரின் நெஞ்சு லேசாகியிருக்கலாம். பகை தீர்ந்துவிட்டதா என்பதை அவர் ஊர் திரும்பி, அந்த ஆளை எதிரே பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

மன்னிக்க விரும்புபவருக்கு வழிகாட்ட முடியும் என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. கொலம்பியா, தென்னாப்பிரிக்கா, உக்ரைன், இந்தோனேசியா, ஹாங்காங் ஆகிய இடங்களில் 4,598 பேரிடம் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்துச் செய்த ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. புத்தகத்தைப் படித்துப் பயிற்சி செய்தவர்களுக்கு வன்மமும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. கவனிக்க வேண்டியது, அவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள். கணவனிடம் அடி வாங்கிப் பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணிடம் இதே ஆய்வை நீட்டினால் அது வேறு காரியம். 'நடந்தது நடந்துபோச்சு, பெரிய மனசு பண்ணி விட்டுடும்மா' என்று பெரியவர்கள் சொல்லிவந்ததை இனி மூளைப் படத்தோடு சொல்லலாம், அவ்வளவுதான். அவள் அமிக்டலா அடித்துக்கொள்வதில் கோளாறு இல்லை. தடி இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. பயம் தணிந்தாலும் அதன் நினைவு அழிந்துவிடுவதில்லை, அடக்கி வைக்கப்படுகிறது என்று நரம்பியல் சொல்கிறது. அப்படியென்றால் மன்னித்த பிறகும் அந்த வீட்டுக்குத் திரும்பாமல் இருக்க அவளுக்கு முழு நியாயம் உண்டு. மன்னிக்காமலே நிம்மதியாகத் தூங்கவும் உண்டு.

சட்டம் இதைத் தன் பாணியில் பிரித்து வைத்திருக்கிறது. சிறு குற்றங்களில் இரு தரப்பும் சமாதானமாகலாம். கொலை, பாலியல் வன்முறை, கூட்டுக்கொள்ளை போன்றவற்றில் பாதிக்கப்பட்டவரே சமாதானமாகிவிட்டாலும் அதைக் காட்டி வழக்கை ரத்து செய்ய முடியாது என்று கியான் சிங் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவரின் மன்னிப்பை அது அவமதிக்கவில்லை. ஊருக்குச் சேர வேண்டிய கணக்கு அதில் அடங்காது என்கிறது.

ஒருவரது மன்னிப்பு இன்னொருவருக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் திருவண்ணாமலைக்குப் பக்கத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. 2008 மார்ச்சில் வேலூர் பெண்கள் சிறையில் பிரியங்கா காந்தி, தன் தந்தை ராஜீவ் காந்தியின் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்த நளினியைச் சந்தித்தார். அதற்கு எட்டு ஆண்டு முன்பே, நளினியின் தூக்குத் தண்டனை வேண்டாம் என்று சோனியா காந்தி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சந்திப்பை நாடகம் என்று இகழ்ந்தவர்களும் உண்டு. பார்க்கப்போனால் அப்படி ஒரு சிறைக் கதவைத் தாண்டி உள்ளே போவதற்கே நெஞ்சுரம் வேண்டும். ஆனால் 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் மேல். பந்தோபஸ்துக்கு நின்ற போலீசாரும் அவர்களில் இருந்தார்கள். மகளின் மன்னிப்பு மகளின் பங்குக்கு முழுமையானது. கைதிகளை விடுவிக்கும் பேச்சு 2014-இல் எழுந்தபோது, அன்று இறந்த மற்றவர்களின் குடும்பத்தாரில் சிலர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.