ஊருக்கு ஒரு புள்ளி

கல்வெட்டுகளில் வரும் பழைய ஊர்ப்பெயர்களை இன்றைய இடங்களோடு பொருத்திக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அப்படியொரு வரலாற்று வரைபடத் தொகுப்பே செய்திருக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் இவ்வகைப் படங்களில் வழக்கமாக ஊருக்கு ஒரே புள்ளி. சேரி எங்கே போச்சு?

சான்று இல்லாமல் இல்லை. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரியில்லா நிலங்களை அடுக்கும்போது ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியாகவே சொல்கின்றன. கல்லில் வெட்டியவன் பிரித்துத்தான் எழுதினான். சமத்துவம் கம்ப்யூட்டரில் மட்டும் வந்துவிட்டதாக்கும்!

'சேரின்னு தனிப் புள்ளி வச்சா இழிவை நாமே நிலைநிறுத்துன மாதிரி ஆகாதா?' என்று நம்ம பிள்ளைகளே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தெருப்பெயரைச் சொல்லக் கூசி வளர்ந்த பிள்ளைகள்.

ஆனால் நிலம் கேட்டுப் போனால் 'உங்களுக்கு இங்க ஏது நிலம்?' என்றுதானே மடக்குகிறார்கள்? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் இம்மாவட்டப் பறையர்களின் நிலையை 1891இல் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கத்தான் 1994இல் காரணை மக்கள் போராடினார்கள். ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். நூறு வருஷத்து நிலத்துக்கே இந்தக் கதி என்றால், ஆயிரம் வருஷத்துக் குடியிருப்பைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் யாருக்கு லாபம்?

புள்ளியை வையுங்கள். என்ன பெயர் போடுவது என்பதை அங்கே வாழும் சனங்களைக் கேட்டுப் போடுங்கள். சுடுகாட்டுப் பாதைக்கும் ஒரு கோடு இழுங்கள். அது யார் வயல் வரப்பில் போய் முட்டி நிற்கிறது என்று தெரியட்டும்.