குதிரைக்குட்டிக்குக் காய்ச்சல் என்று யார் சொல்வது?

ரதசப்தமியன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் கலசப்பாக்கத்துக்கு எழுந்தருளி, செய்யாற்றில் தீர்த்தவாரி காண்பார். ஊரின் திருமாமுடீஸ்வரரும் ஆற்றுக்கு வந்துவிடுவார். ஏழு குதிரை பூட்டிய தேரைச் சூரியன் வடக்கே திருப்புகிற நாள் அது. கார்த்திகை தீபத்தின்போதோ, திருவண்ணாமலை மாட்டுச் சந்தைக்கு உயிருள்ள குதிரைகளே வந்து இறங்கும். குட்டிகளும் இருக்கும். வாங்க வருகிறவர் பல்லைப் பார்த்து வயது சொல்வார். சுழி பார்த்து ராசி சொல்வார்.

குதிரையைச் சாமிக்கு வாகனமாக வைத்துக் கும்பிடுகிற மண்ணில், கொட்டிலில் ஒரு குட்டி காய்ச்சலோடு நிற்பது யாருக்கும் தெரியாமல் போனால் அது வெறும் அறியாமையா, பாவமா?

பாண்டிய நாட்டில் இந்த அறியாமைக்கு வேதனையான சாட்சி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் இங்கும் மற்ற இந்தியத் துறைமுகங்களிலுமாக ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் கடல்வழியே இறங்கியதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதினார். அந்த நூற்றாண்டின் கடைசியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போயின, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டார்கள் என்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். பொன்னைக் கொட்டி ஆசையாய் வாங்கியவர்கள் அவற்றுக்குக் கேடு நினைத்திருக்க முடியாது. ஆசை மட்டும் அந்தக் குதிரைகளைக் காப்பாற்றவில்லை.

காய்ச்சல் மனிதருக்கு மட்டும் உரியது என்று புராண மரபும் சொல்லவில்லை. தட்சன் வேள்வியில் சிவனின் சினத்திலிருந்து பிறந்த ஜுரத்தை இந்த உலகம் ஒன்றாகத் தாங்காது என்று பல கூறாக்கி, யானை, குதிரை, மயில், கிளி, பாம்பு என்று பங்கிட்டுக் கொடுத்ததாக மகாபாரதத்தின் சாந்தி பருவம் சொல்கிறது. காஞ்சிபுரத்தில் ஜுரஹரேஸ்வரருக்கென்றே கோயில் இருக்கிறது. அங்கே போய் நம் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்கிறோம். சாந்தி பருவத்தின் கணக்குப்படி அந்தச் சந்நிதியில் குதிரைக்குட்டிக்கும் உரிமை உண்டு.

ஆனால் குட்டி வந்து சொல்லாதே! இந்த இடத்தில்தான் வள்ளலார் துணைக்கு வருகிறார். பிற உயிர் படும் துன்பத்தைக் கண்டோ கேட்டோ அறிந்தோ உருகுவதுதான் ஜீவகாருண்யம் என்பது அவர் வாதம். சிலருக்கு இரக்கம் வராததற்குக் காரணம் கேட்டால், ஆன்ம அறிவாகிய கண் மங்கிப்போனதும், அதற்கு உதவும் மனம் முதலிய கண்ணாடிகள் ஒளி இழந்ததும்தான் என்கிறார். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் மருத்துவர் வுண்டர்லிக், உடல் வெப்பத்தை நாள் தவறாமல் அளந்து குறித்துவைத்த அனுபவத்தை நூலாக்கி, காய்ச்சலைத் தனி நோயாகக் கருதாமல் நோயின் அடையாளமாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். தெர்மாமீட்டரை வள்ளலார் சொன்ன கண்ணாடிகளோடு சேர்ப்பதில் தவறே இல்லை.

அளக்கும் விதம் எளிது. டிஜிட்டல் தெர்மாமீட்டரில் நூல் கட்டி, மறுமுனையில் இருக்கும் கிளிப்பை வால்மயிரில் மாட்டிவிட வேண்டும். நுனியில் வாஸ்லின் தடவ வேண்டும். பின்னால் நின்றால் உதை விழும். பின்னங்காலை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, வாலை மெல்ல ஒதுக்கி ஆசனவாயில் செருகிப் பிடிக்க வேண்டும். குட்டிக்கு 99 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. விடியற்காலையில் குறைந்தும் சாயங்காலம் கூடியும் இருக்கும். வெயிலில் ஓடியாடி வந்த உடனே அளந்தால் கணக்குத் தப்பும்.

பிறந்து சில நாளே ஆன குட்டியிடம் இன்னும் விழிப்பு வேண்டும். தாயின் நஞ்சுக்கொடி வழியாக அதற்கு எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பால்தான் காப்பு. அது கிடைக்காமல் ரத்தத்தில் கிருமி பரவினாலும் சூடு ஏறாமலே இருக்கலாம், இறங்கவும் செய்யலாம். தாயின் மடி பால் கட்டிக் கனத்திருக்கிறது, குட்டி சுருண்டு படுத்திருக்கிறது என்றால் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

ஸ்ட்ராங்கிள்ஸ் என்கிற தொண்டைக்கட்டி நோயில் காய்ச்சல்தான் முதலில் வரும். கட்டி எழும்புவதும் கிருமி மற்ற குதிரைகளுக்குப் பரவுவதும் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான். அந்த இடைவெளியில் பிரித்துக் கட்டினால் கொட்டில் முழுவதும் பிழைக்கும்.

தீபச் சந்தையில் குட்டி வாங்கி வருகிறவர்கள் சுழி பார்த்ததோடு நிற்காதீர்கள். மூன்று வாரம் தனியே கட்டி, காலையும் மாலையும் சூடு பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். 102ஐத் தாண்டினால் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.