மருந்தும் அளவும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம் இல்லங்களில், கிருமிகளை அழிக்கும் மருந்தை உட்கொள்ளல் அறத்திற்கு ஒவ்வுமா என்னும் வினா எழுவதுண்டு. இதய அறுவைக்கு ஆயத்தமாகும் முதியோர் சிலர் இதனைத் தயக்கத்தோடு கேட்கின்றனர். கொல்லும் எண்ணத்தோடு செய்யும் கொலையே இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்பட்டது; உடலைக் காக்கும் முயற்சியில் நேரும் தவிர்க்கவியலாத தீங்கு அதனின் வேறானது என்பது ஆன்றோர் வகுத்த பாகுபாடு. ஆகவே மருந்துண்ணத் தடையில்லை. ஆயின், தவிர்க்கவியலாதது எந்த அளவோடு முடிகிறது என்பதே நாம் எண்ண வேண்டியது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் நமக்கு இதய அறுவை தொலைதூரச் செய்தியன்று. அருகிலுள்ள முகப்பேரிலேயே மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனை அமைந்துள்ளது. மார்பெலும்பைப் பிளந்து செய்யும் அறுவையில் கிருமி புகுந்தால் உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின், தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திற்குள், பெரும்பாலும் செஃபசோலின் என்னும் மருந்தை ஊசி வழியே செலுத்துகின்றனர். கீறும் வேளையில் குருதியிலும் தசையிலும் மருந்து நிறைந்திருத்தல் வேண்டும் என்பதே காரணம். காப்பிற்காகத் தரும் இம்மருந்தை 48 மணி நேரத்திற்கு மேல் தொடரலாகாது என்பது மருத்துவ நெறி. தொற்று உண்டாகிவிட்டால் அதற்குரிய மருத்துவம் வேறு.

இங்கேதான் அன்பு அளவை மறக்கிறது. "இன்னும் நான்கு நாள் கொடுத்தால் நல்லதல்லவா?" என உறவினர் மருத்துவரை வற்புறுத்துகின்றனர். மிகை மருந்து புண்ணை மேலும் காப்பதில்லை. அடங்கும் கிருமிகளை அழித்து, அடங்காதவை பெருக இடந்தருகிறது. அவை அடுத்த கட்டிலில் கிடப்பவரையும் பற்றக்கூடும். ஆற்றல்மிக்க மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்னும் நொதியுடைய கிருமிகள் சென்னையிலும் காணப்பட்டதை 2010-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு உலகிற்கு அறிவித்தது. 2012-இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் நம் நகரில் கூடி, இதனைத் தடுக்கும் வழிகளைச் 'சென்னைப் பிரகடனம்' என வகுத்தன. 2014 மார்ச் முதல், 24 நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் உள்ளிட்ட எச்1 பட்டியல் மருந்துகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது, விற்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது.

மிகையைப் போலவே குறையும் தீது. செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர் பல் பிடுங்குமுன் மருத்துவர் சொல்லும் ஒரு வேளை மருந்தைச் 'சிறு பல்தானே' என விட்டுவிட்டால், வாயின் கிருமி குருதி வழியே வால்வைப் பற்றக்கூடும்.

ஊர் ஏரியின் நீர் அனைவர்க்கும் உரியது. தம் வயலுக்கு வேண்டியதற்கு மேல் ஒருவர் மடை திறந்தால், கடை வயல் காயும். மருந்தின் ஆற்றலும் அத்தகைய பொதுச்செல்வமே. மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பைப் பொன்னுக்கும் மண்ணுக்கும் மட்டுமே உரியதாகக் கருதுகிறோம். அச்சத்தால் வேண்டிப் பெறும் மிகை மருந்தும் மிகுபொருளே. அதனால் இழப்பவர் நாம் முகமறியாத ஒரு நோயாளி.

எனவே, மருந்தை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்னும் இரண்டையும் மருத்துவரிடம் கேட்டறிவோம். எஞ்சிய மாத்திரையை அண்டை வீட்டாரின் சளிக்குக் கொடாதிருப்போம். நம் உயிரைப் பேணுங்கால் பிறர் உயிரையும் உடன் பேணுதலே கொல்லாமையின் நிறைவாகும்.