நோய் என்னும் முதல் இடையூறு

வேலூர்க் கலகம் நடந்த 1806-க்குப் பின், திப்பு சுல்தானின் குடும்பத்தாரைக் கும்பெனியார் வேலூர்க் கோட்டையிலிருந்து கொண்டுபோய்க் குடிவைத்த ஊர் என்ற அளவில், கல்கத்தாவின் டாலிகஞ்ச் நமக்கு முற்றிலும் அந்நியமான பெயரன்று. அதற்கு அண்மையிலுள்ள ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் விடியற்காலையில் ஆசனம் பயிலும் முதியவர்களைக் காரணம் கேட்டால், முழங்கால் வலி என்பார்கள், இரத்த அழுத்தம் என்பார்கள், தூக்கமின்மை என்பார்கள். கைவல்யம் என்று சொல்பவர் அரிதாகவே இருப்பர். மோக்ஷ சாஸ்திரத்தை மூட்டு வலிக்குத் தைலமாக்குவது அதை இழிவுபடுத்துவதாகாதா என்று வைதிகப் பற்றுள்ளோர் கேட்பதுண்டு.

யோக சூத்திரத்தைப் புரட்டினால் அக்கேள்வியின் கடுமை குறைகிறது. ஆசனத்துக்கு மூன்றே சூத்திரங்களை ஒதுக்கிய பதஞ்சலி, சித்தத்தைச் சிதறடிக்கும் ஒன்பது இடையூறுகளை எண்ணும்போது வியாதியையே முதலில் வைக்கிறார். திருமூலரும், முன்பு இழுக்கென்று எண்ணிய உடம்பினுள்ளே உத்தமன் கோயில் கொண்டிருக்கக் கண்டபின், அதனைப் பேணலானதாகவே பாடுகிறார். சரீர சுகம் யோகத்தின் முடிவன்று என்பது உண்மையே. ஆயினும் அதை நாடி வருபவன் வழி தவறி வந்தவனல்லன். கல்கத்தாவில் ஒரே வீட்டில் வளர்ந்த சகோதரர்களுள், மூத்தவரான பரமஹம்ச யோகானந்தர் 1920-இல் கிரியா யோகத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்ல, இளையவரான விஷ்ணு சரண் கோஷ் 1923-இல் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். இவ்விரண்டில் எது யோகம் என்று வழக்காடுவது எனக்கு வீண் வேலையாகவே படுகிறது.

மெய்யான அபாயம் மிகையான பெருமை பேசுவதில் இருக்கிறது. யோகானந்தரின் இளமைத் தோழர் பாசு குமார் பாக்சி, தீரானந்தர் என்னும் துறவியாக, யோகானந்தர் நடத்திய ராஞ்சிப் பள்ளியிலும் பின்னர் அமெரிக்காவிலும் அவருக்குத் துணை நின்றவர். 1929-இல் பிரிந்துபோய், காவியைத் துறந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூளை மின்னலைகளை ஆராயும் விஞ்ஞானியானார். அவரே 1957-இல், வெங்கர் என்னும் அமெரிக்க உளவியலாளருடன், கருவிகளைச் சுமந்து இந்தியாவுக்குத் திரும்பி, இதயத்தை நிறுத்த வல்லவர் எனப் பெயர்பெற்ற யோகிகளைத் தேடிச் சோதித்தார். மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கியபோது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து மணிக்கட்டில் நாடி மங்கியதேயன்றி, இதயம் துடித்துக்கொண்டேதான் இருந்ததென்று இதயமின் வரைபடம் காட்டிற்று. 1961-இல் அவர்கள் அம்முடிவை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். சத்தியத்தை யமங்களுள் ஒன்றாக வைத்த சாஸ்திரத்துக்கு இது துரோகமாகாது; துறவியாக இருந்த நாளில் கற்றதை பாக்சி முற்றும் விட்டுவிடவில்லை என்றே நான் கொள்கிறேன்.

இன்று மருத்துவர் ஒப்புக்கொள்ளும் பயன்கள் அடக்கமானவையே: நாட்பட்ட இடுப்பு வலி ஓரளவு தணியும், இரத்த அழுத்தம் சற்றே இறங்கும், மனக்கலக்கம் குறையலாம். மருந்தை நிறுத்திவிட்டு ஆசனத்தை மட்டும் நம்பும்படி இவற்றுள் எதுவும் சொல்லவில்லை. சிரசாசனமோ கண்ணினுள் அழுத்தத்தை ஏற்றுவது. கண்நீர் அழுத்த நோயுள்ளவர் அதை விலக்க வேண்டும். ஏரிக்கரை முதியவர்களுள் அந்நோயுள்ளவர் எவரேனும் இருப்பின், தலைகீழாய் நிற்பதை விடுத்துச் சம்மணமிட்டு மூச்சைச் சீராக விட்டுக்கொண்டிருந்தாலே போதும். பதஞ்சலி ஆசனத்துக்கு விதித்ததும் ஸ்திரமும் சுகமும் மட்டுமே.