இடது காலைக் கேலி செய்தவர்

இப்படி ஆடித் திரிந்தவருக்கு இடது கால் முடமாகிப்போனது ஏன் என்று நடராசரையே பார்த்துக் கேட்கிறது, பாபவிநாச முதலியாரின் ‘நடமாடித் திரிந்த’ என்னும் காம்போதி ராகக் கீர்த்தனை. இதை நிந்தாஸ்துதி என்று சொல்லி, மேலே வசை, உள்ளே வாழ்த்து, ஆகவே பாவமில்லை என்று முடித்துவிடுவது வழக்கம். இந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. வசை வெறும் உறைதான் என்றால் பாட்டு விடுகதையாகிவிடும். விடை தெரிந்த பிறகு கேலிக்கு அங்கே வேலை இல்லை. கேலி கேலியாக இருந்துகொண்டே பக்தியாகிறது என்பதுதான் என் கட்சி. முதலியார் குறிவைத்த இடத்தைப் பாருங்கள். ஊன்றிய பாதம் மறைத்தலைச் செய்கிறது, தூக்கிய பாதம் முத்தி தருகிறது என்பது ‘உண்மை விளக்கம்’ சொல்லும் சைவ சித்தாந்தம். முத்தி தரும் காலையே அவர் நொண்டி என்கிறார். அந்தக் காலின் மதிப்பை அறியாதவருக்கு இந்தக் கேலியைச் செய்யவே தோன்றாது. ஊன்றிய கால் வலிக்குமே என்று கலங்கி, இறைவனைக் கால் மாறி ஆடவைத்த பாண்டியனைத் திருவிளையாடற் புராணம் பக்தனாகத்தான் காட்டுகிறது. இறைவனின் காலுக்காக அவன் கலங்கினான்; முதலியார் அந்த அக்கறையையே குறும்பாகக் கேட்கிறார்.

இசையும் இதற்குச் சாட்சி. நாட்டிய சாஸ்திரத்தின் எட்டு ரசங்களில் ஹாஸ்யத்துக்கு இடம் உண்டு, பக்திக்கு இல்லை (சபாக்களில் இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும்). ஆனாலும் நம் வாக்கேயக்காரர்கள் சிரிப்புக்கென்று இலேசான ராகம் தேடிப் போகவில்லை. தியாகராஜர் ‘அடிகி சுகமு’ கீர்த்தனையில், ராமா, உன்னிடம் கேட்டுச் சுகப்பட்டவர் யார் என்று குத்துகிறார்; சீதைக்குக் காடு கிடைத்தது, அரக்கிக்கு மூக்குப் போயிற்று என்று கணக்கு வாசிக்கிறார். ராகமோ, கச்சேரியை மங்களமாக முடிக்கப் பாடும் மத்யமாவதி. சொல் சண்டை போடுகிறது. ராகம் காலடியை விட்டு நகர மறுக்கிறது.

இதே சொற்களை நாத்திகர் பாடினால் நிந்தனை, பக்தர் பாடினால் துதியா என்று கேட்கலாம். ஆம், அப்படித்தான். உரிமை சொல்லிலிருந்து வருவதில்லை, உறவிலிருந்து வருகிறது. பாகவதம் அடுக்கும் ஒன்பது வகை பக்தியில் தோழமையும் ஒன்று. அந்தத் தோழமைக்குப் பெயர்போன சுந்தரர், சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பார்வை இழந்தபின் திருவாரூரில் பாடியதில் சிலேடை இல்லை, ஒளிந்திருக்கும் வாழ்த்தும் இல்லை. நீர் மட்டும் நன்றாக இரும் என்ற அசல் கோபம்தான் இருக்கிறது. அதற்குத் தண்டனை கிடைத்ததாகப் பெரிய புராணம் சொல்லவில்லை. வலக்கண் கிடைத்தது என்கிறது.

ஆகவே பாடகர்களுக்கு ஒரு விண்ணப்பம். இக்கீர்த்தனைகளைப் பாடும்போது ஸ்வரக் கணக்கில் சொல்லைச் சிதைத்துவிடாதீர்கள். கேட்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.