ஜன்னலா, உயிரா?

ஒரு பீட்சா கடைச் சுவரில் யார் போட்டோவை மாட்டுவது? கடைக்காரருக்குப் பிடித்தவர் போட்டோவையா, தினமும் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்குப் பிடித்தவர் போட்டோவையா?

கேள்வி என்னவோ சின்னதுதான். ஆனால், இதை வைத்து ஸ்பைக் லீ எடுத்த படம் முடிவதற்குள் ஓர் உயிர் போய்விடுகிறது, ஒரு கடை சாம்பலாகிவிடுகிறது. 1989-ல் வந்த ‘டூ த ரைட் திங்’. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே ஒரு தெரு, மண்டையைப் பிளக்கும் வெயிலில் ஒரே ஒரு நாள். அவ்வளவுதான் கதைக்களம்.

கடைக்காரர் சால், இத்தாலிய வம்சாவளி. சாப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். சுவரில் இருப்பதோ இத்தாலிய அமெரிக்கப் பிரபலங்கள் மட்டும். எங்க ஆளுங்க படம் ஏன் இல்லை என்று ஓர் இளைஞன் சண்டைக்கு நிற்கிறான். கடை என்னுடையது என்கிறார் சால்.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லையா? சால் வில்லனும் இல்லை. இந்தத் தெருப் பிள்ளைகள் என் பீட்சா சாப்பிட்டு வளர்ந்தவங்க என்று பெருமைப்படுகிற மனுஷன். அதே வாய், ராத்திரி கோபம் தலைக்கேறியதும் இனத்தைச் சொல்லித் திட்டுகிறது. ரஹீம் என்ற இளைஞனின் ரேடியோவை பேஸ்பால் மட்டையால் அடித்து நொறுக்குகிறார். அவன் சாலின் கழுத்தைப் பிடிக்கிறான். சண்டை தெருவுக்கு வருகிறது. போலீஸ் வருகிறது. ஒரு போலீஸ்காரர் லத்தியால் கழுத்தை இறுக்கியதில் ரஹீம் செத்துப்போகிறான்.

அதற்குப் பிறகுதான், கடையில் வேலை பார்க்கும் மூக்கி (ஸ்பைக் லீயேதான்) குப்பைத் தொட்டியைத் தூக்கி ஜன்னலில் எறிகிறான். கூட்டம் கடையைக் கொளுத்துகிறது.

மூக்கி செய்தது சரியா? இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்பவர்கள் வெள்ளையர்கள்தான், கறுப்பர்கள் கேட்பதில்லை என்று லீ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படம் வந்தபோது சில விமரிசகர்கள், இதைப் பார்த்துக் கலவரம் வெடிக்கும் என்றுகூடப் பயமுறுத்தினார்கள். ஒரு கலவரமும் வரவில்லை.

கடையை எரித்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனுஷனின் பல வருஷ உழைப்பு அது. ஆனால், ரஹீமைக் கொன்றது சரியா என்ற கேள்வி நமக்கு ஏன் இரண்டாவதாக வருகிறது? யோசித்துப் பாருங்கள். நம்மிடம் உடையக்கூடிய ஜன்னல் இருக்கிறது. போலீஸ் நம் கழுத்தை நெரிக்கும் என்ற பயம் நம்மில் பலருக்கு இல்லை. எதை இழக்கப் பயப்படுகிறோமோ, அதற்குத்தான் முதலில் பதறுகிறோம். நியாயம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, நம் பயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ரஹீம் வெறும் கற்பனை இல்லை. 1983-ல் மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற கறுப்பின இளைஞர், சுரங்க ரயில் நிலையச் சுவரில் கிறுக்கியதாகக் கைதாகி, போலீஸ் பிடியில் கோமாவுக்குப் போய் இறந்தார். அந்த மாதிரி குடும்பங்களுக்குத்தான் படத்தைச் சமர்ப்பித்திருக்கிறார் லீ. 2014-ல் எரிக் கார்னர், 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்டு. இந்த இருவரின் கடைசி நிமிடங்களையும் ரஹீமின் சாவையும் சேர்த்து 2020-ல் ஒரு குறும்படம் வெளியிட்டார். எது சினிமா, எது நிஜம் என்று பிரித்துப் பார்க்கவே மனசு கூசுகிறது.

படத்தின் கடைசியில் இரண்டு மேற்கோள்கள். வன்முறை வேண்டாம் என்று மார்ட்டின் லூதர் கிங். தற்காப்புக்காக என்றால் அது வன்முறையே இல்லை என்று மால்கம் எக்ஸ். எது சரி என்று லீ சொல்லவில்லை.

படம் கிடைத்தால் பாருங்கள். முடிந்ததும் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கடையா, ரஹீமா? யாரிடமும் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.